தஞ்சோங் ரூவில் ஆறு பலகைகள்

1962 செப்டம்பர் 3, திங்கட்கிழமை, காலை ஏழு மணி. சென்னையில் ஏறிய பத்தாம் நாள் எங்கள் கப்பல் சிங்கப்பூர் துறைமுகத்தில் கரை தொட்டது. மேல்தளத்தில் நின்றவர்கள் எல்லோரும் தங்களை அழைத்துப்போக யார் வந்திருக்கிறார்கள் என்று நெற்றியில் கைவைத்துத் தேடினார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். துறைமுகத் தூண்களில், தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில், சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யாரும்மா வந்திருக்கா? வீட்டுக்காரரா?" என்று பக்கத்தில் நின்ற நாகப்பட்டினத்து அம்மாள் கேட்டார்.

"இல்லைங்க, புழு" என்றேன். சுங்கம் தாண்டும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

சுங்கத்தில் என் பெட்டியைத் திறந்த தமிழ் அதிகாரி நான்கு புடவைகளைத் தள்ளிவிட்டு, அடியில் இருந்த ஆறு மாம்பலகைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். ஓரடி நீளம், அரையடி அகலம், ஒவ்வொன்றிலும் சிவப்புச் சாயத்தில் ஒன்று முதல் ஆறு வரை எண். "இது என்னம்மா, மணையா? இங்க தேக்காவுலயே வாங்கலாமே. இத போய் கப்பல்ல தூக்கிட்டு வரீங்களே" என்றார். கடலில் தொங்கவிட என்று சொன்னேன். அவர் என் முகத்தையும் பலகைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாக்கட்டியால் பெட்டியில் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டார்.

வாசகர்களும் அவரைப் போலவே விழிக்கக்கூடும் என்பதால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். துறைமுகத்தில் பலகையைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் என்னென்ன உயிர்கள் வந்து ஒட்டி வளர்கின்றன என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. நான்கு வருடமாக என் பலகைகளில் ஒரு வெள்ளைக் குழாய்ப் புழு வந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பில் தனக்கென்று ஒரு குழாய் கட்டி, அதற்குள் இருந்துகொண்டு இறகு விசிறியை நீட்டிச் சாப்பிடும் புழு. எங்கள் கரையில் முன்பு யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. ஏதோ கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அது வந்தபின் எங்கள் ஊர்ப் பச்சைச் சிப்பியின் குஞ்சுகள் என் பலகையில் இடம் பிடிக்கவே இல்லை. எண்ணூரில் சிப்பி எடுப்பவர்களும் வரவர சிப்பி குறைகிறது என்று புலம்பினார்கள். வந்தேறிப் புழு உள்ளூர்ச் சிப்பியை ஒழிக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் துறைத் தலைவர் அதைப் படித்துவிட்டு, "ஒரே துறைமுகத்தை வைத்து எப்படியம்மா இவ்வளவு பெரிய வார்த்தை? இன்னொரு துறைமுகத்தில் காட்டு, அச்சுக்கு அனுப்புகிறேன்" என்றார். சம்பளமில்லாத இரண்டு மாத விடுப்பு, சிங்கப்பூரில் இருக்கும் பள்ளித் தோழி பத்மாவின் அழைப்பு, ஆறு பலகைகள். இவ்வளவுதான் என் கையில் இருந்தது. திரும்பும் கப்பல் அக்டோபர் 11. அதற்குள் பலகைகள் பேச வேண்டும்.

கப்பலை விட்டு இறங்கிய அன்றே காலை பத்து மணி. பத்மாவின் வீடு தேக்கா சந்தைக்கு அருகில், பஃபலோ ரோட்டில் ஒரு கடையின் மாடி. கீழே பூக்கட்டும் கடை, எதிரே மாவு மில். கொத்துமல்லியும் அரைத்த மிளகாயும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை மாடிப்படியிலேயே வந்து வரவேற்றது. பத்மா இங்கே ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, "இளைச்சுப் போயிட்டேலா நீ! வா, மொதல்ல சாப்பாடு" என்றாள். பதினைந்து வருடத்தில் இந்த ஊர்ப் பேச்சின் 'லா' அவள் நாக்கின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி அதே பத்மாதான்.

செப்டம்பர் 6, வியாழன், காலை எட்டு மணி. பத்மாவின் கணவர் விசாரித்துச் சொன்ன இடம் தஞ்சோங் ரூ. தேக்காவிலிருந்து மூன்று மைல் இருக்கும். பஸ்ஸுக்குப் பத்துக் காசு, இறங்கிக் கால் மணி நேரம் நடை. காலாங் ஆறு கடலில் சேரும் இடத்தில் வரிசையாகப் படகுப் பட்டறைகள். ஒரு பட்டறையில் பதினோரு தமிழர்கள் வேலை செய்தார்கள். சரக்கு ஏற்றும் தொங்கான் படகுகளைச் சாய்தளத்தில் இழுத்துக் கரையேற்றி, அடியில் வளர்ந்திருப்பதையெல்லாம் சுரண்டி எடுப்பது அவர்கள் தொழில். மேற்பார்வை வீராசாமி மண்டோர். மேஸ்திரியை இங்கே மண்டோர் என்கிறார்கள். ஐம்பது வயது, முறுக்கு மீசை, தலையில் ஒரு பச்சைத் துண்டு.

"பலகைய எதுக்கு டீச்சரம்மா தண்ணில போடறீங்க?" என்றார் மண்டோர்.

இங்கேதான் நான் செய்த தப்பு. இவரிடம் புழுவையும் குஞ்சையும் பற்றி எங்கே ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது என்று ஒரு சலிப்பு. "ஒரு பரீட்சைக்குங்க. படகு இடிக்காமப் பாத்துக்கிட்டாப் போதும். ரொம்ப முக்கியமான பலகை" என்று மட்டும் சொன்னேன்.

"முக்கியம்னு சொல்லிட்டீங்கல்ல, விடுங்க. எங்க சாமான் மாதிரி பாத்துக்கறோம்" என்றார்.

பட்டறையின் மரப்பாலத்துக் கால்களில் ஆறையும் கட்டி, முழத் தண்ணீருக்குக் கீழே இறக்கினோம். ஒருமுறை இறக்கினால் மாத முடிவில்தான் தூக்குவது என் வழக்கம். நடுவில் தூக்கினால் இளசுகள் வெயிலில் காய்ந்துவிடும்.

அதன்பிறகு ஒரு மாதம் எனக்கு வேலை ஊர் சுற்றுவதுதான். சுற்றினேன், வெட்கமில்லாமல் சுற்றினேன். சிராங்கூன் சாலையில் பத்துக் காசுக்கு ஒரு தே (டீயை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்), பதினைந்து காசுக்கு ஒரு தோசை. தேக்கா சந்தையில் சீனர் தமிழில் முருங்கைக்காய் விற்றார். தமிழர் மலாயில் இறால் விற்றார். பத்மா மூன்று மொழியிலும் பேரம் பேசினாள். சிப்பி விற்ற ஒரு மலாய்ப் பெண்மணியிடம் போன வருடத்தைவிடச் சிப்பி குறைந்திருக்கிறதா என்று பத்மாவை விட்டுக் கேட்டேன். அந்த அம்மாள் கடகடவென்று பேசிச் சிரித்தார். "என்ன சொல்றாங்க?" என்றேன். "வாங்கறதுன்னா வாங்கு, கதை கேக்கணும்னா சினிமாவுக்குப் போங்கறாங்க" என்றாள் பத்மா. இந்த ஊர் எடையில் ஒரு கட்டி வாங்கி மிளகு போட்டு வதக்கினோம். என் ஆராய்ச்சிப் பொருளை நான் இவ்வளவு ருசித்துச் சாப்பிட்டேன் என்று துறைத் தலைவருக்குத் தெரிய வேண்டாம்.

வாரம் ஒருமுறை தஞ்சோங் ரூவுக்குப் போவேன். என்னைத் தெருமுனையில் கண்டதுமே மண்டோர் கையை உயர்த்தி, "பலகை சொகமா இருக்கு டீச்சரம்மா!" என்று கத்துவார். ஒரு பழைய டயரை வெட்டிப் பாலத்துக் கால்களைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், படகு உரசாமல் இருக்க. அவர்கள் அக்கறையைப் பார்த்து எனக்கு நெகிழ்ந்துபோகும். ஆனால் அப்போதும் எதற்கு என்று சொல்லவில்லை. "நீ சொன்னா அவங்களுக்குப் புரியாதுன்னு நீயே முடிவு பண்ணிக்கிட்டே" என்று பத்மா ஒருநாள் சொன்னாள். நான் பேச்சை மாற்றினேன்.

அக்டோபர் 7, ஞாயிறு, காலை பத்து மணி. ஆயுத பூஜை. பட்டறையில் பூஜைக்கு வரச்சொல்லி மண்டோர் மூன்று தடவை அழைத்திருந்தார். பட்டுப்புடவை உடுத்திக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனேன். பலகைகளைத் தூக்க இன்னும் இரண்டு நாள். மனம் அவ்வளவு லேசாக இருந்தது.

பட்டறை வாசலில் மாவிலை, வாழை மரம். இழுவை இயந்திரத்துக்குக் கழுத்து நிறைய சாமந்தி. முனீஸ்வரன் படத்துக்கு முன்னால் விரித்த வெள்ளை வேட்டியில் சுரண்டிகள், சுத்தியல்கள், இடுக்கில் பஞ்சு திணிக்கும் கலப்பத்து உளிகள், எல்லாம் எண்ணெய் பளபளப்போடு வரிசையாக இருந்தன. நடுவில், முதல் மரியாதைக்குரிய இடத்தில், ஆறு மாம்பலகைகள். மழமழவென்று சுரண்டிக் கழுவி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், தனித்தனி மாலை. சிவப்பு எண்கள் பளிச்சென்று தெரிந்தன.

"எங்க சாமான் எல்லாம் மின்னுறப்ப டீச்சரம்மா சாமான் மட்டும் அழுக்கா தண்ணில கெடக்கலாமா? நேத்து மாரிமுத்துதான் ஒக்காந்து சுத்தம் பண்ணான். ஒரு துளி இல்லாம எடுத்திட்டான். எவ்ளோ புடிச்சிருந்துச்சு தெரியுமா!" என்றார் மண்டோர், முகமெல்லாம் பூரிப்பாக.

மாரிமுத்து முப்பது வயது ஆள், படகின் நீர்க்கோட்டைச் சுரண்டுவதில் கெட்டிக்காரர். என் பாராட்டுக்காகச் சிரித்தபடி நின்றார்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பட்டுப்புடவை ஈரத்தில் பட்டது. பத்து நாள் கப்பல், இரண்டு மாதச் சம்பளம், நான்கு வருட வேலைக்கு நான் தேடி வந்த சாட்சி, அத்தனையும் சுரண்டிக் கடலில் போட்டாயிற்று. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது. தீபாராதனை நடக்கும்போது அழுதால் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள் என்பது மட்டும் ஒரு வசதி. அப்படித்தான் நினைத்தார்கள், கற்பூரத்தட்டு என்னிடம் வரும்வரை.

"என்னம்மா ஆச்சு?" என்று மண்டோர் பயந்துபோனார்.

அப்போதுதான் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை, சுண்டலும் பொரியும் கையில் வைத்திருந்த பதினோரு பேருக்கு, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். பலகை முக்கியமில்லை, அதில் ஒட்டியிருந்ததுதான் முக்கியம் என்று சொன்னபோது மாரிமுத்து கையிலிருந்த சுண்டலைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தப்பு என்னுடையது என்று இரண்டு முறை சொன்னேன்.

பிறகு மண்டோர் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டு, "புழுதானே வேணும் டீச்சரம்மா? எந்திரிங்க" என்று பட்டறைக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

சாய்தளத்தில் ஒரு தொங்கான் நின்றது, நாற்பது அடி நீளம். முந்தின நாள் சாயங்காலம் கரையேற்றியது. பூஜைக்குக் கருவிகளை வைத்துவிட்டதால் மறுநாள் விஜயதசமி பூஜை முடியும்வரை யாரும் எதையும் தொடமாட்டார்கள். ஆகவே அடிப்பாகம் சுரண்டப்படாமல், ஈரச் சாக்கு போர்த்தியபடி அப்படியே இருந்தது. "இந்தத் தொங்கான் ஆத்துக்கும் கப்பலுக்கும் நடுவுல போயிட்டு வர்றதோட சரி. இந்த ஊர் தண்ணிய வுட்டு ஒரு நாள் போனதில்ல" என்றார் மண்டோர்.

நான் சாக்கை விலக்கினேன். நல்ல வேட்டைதான், ஆனாலும் எனக்கு உதவாது. "எத்தனை நாளா வளர்ந்ததுன்னு தெரியாம என்னால ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. ஒரு மாசமா ஒரு வருஷமான்னு தெரியணும்" என்றேன்.

"அது தெரியும்லா!" என்றார் மாரிமுத்து. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். தொங்கான் முதலாளி ஒரு கஞ்சராம். முழுசாகக் கரையேற்றிச் சுரண்ட இத்தனை நாள் காசு கொடுக்கவே இல்லையாம். ஓட்டை விழும்போதெல்லாம் தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றில் படகை நிறுத்தி, ஓட்டைப் பலகையை மட்டும் மாற்றச் சொல்வாராம். மாற்றியது இதே ஆட்கள். "இது ஆடிப்பெருக்கு அன்னைக்கு. இது சித்திரைல போட்டது. இந்தா இது இருக்கே, தைப்பூசத்துக்கு மறுநாள் போட்டது. காவடி எடுத்த தோள் வலியோட சுத்தியல் புடிச்சேன், மறக்குமா?" என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார்.

இரண்டு மாதம், ஐந்து மாதம், எட்டு மாதம். என் வாழ்நாளில் இப்படி ஒரு பலகை எனக்குக் கிடைத்ததில்லை. நான் மாரிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவர் வெட்கப்பட்டுப் பின்னால் போனார்.

பகல் பன்னிரண்டு மணி. கருவி தொடக்கூடாது, சரி. கை இருக்கிறதே. மாலை கட்டி மிஞ்சிய வாழைநாரை ஓரடிச் சதுரமாகக் கட்டி, படகில் ஒட்டவைத்து, உள்ளே இருப்பதை மட்டும் எண்ணச் சொன்னேன். பெயர்த்துப் பார்க்க என் கொண்டை ஊசி. தேங்காய் மூடிகளில் உப்புத் தண்ணீர் பிடித்து உயிரோடு இருந்ததை விட்டேன். அரை மணி நேரத்தில் பதினோரு பேரும் மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள், எந்தப் பலகைக் கட்சி முதலில் எண்ணி முடிப்பது என்று ஒரே போட்டி.

"ஆடிப் பலகை! வெள்ளை நூத்திப் பன்னெண்டு, பச்சை மூணு!"

"சித்திரைப் பலகை! வெள்ளை எம்பத்தேழு, பச்சை நாப்பது. ஏய், அது வெள்ளை இல்லலா, கொட்டலசு, வெரல அறுத்துடுச்சு பாரு!" கொட்டலசு என்பது பாறையிலும் படகிலும் ஒட்டிக்கொண்டு வளரும் கூரான ஓட்டுப் பிராணி.

தைப்பூசப் பலகையிலிருந்து சத்தமே வரவில்லை. மாரிமுத்து அங்கே குனிந்திருந்தார். "டீச்சரம்மா, இங்க வெள்ளையே காணோம். எல்லாம் பச்சை" என்றார். கொத்துக் கொத்தாக விரல் நீளச் சிப்பிகள். ஊசியால் ஒரு கொத்தைப் பெயர்த்தேன். அடியில் வெள்ளைக் குழாய்கள் இருந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக, உள்ளே புழு இல்லாமல். சிப்பிக் குஞ்சுகள் அந்தக் குழாய்களின் இடுக்கில்தான் முதலில் கால் ஊன்றியிருக்கின்றன. பிறகு வளர்ந்து, குழாய்க்காரனை மூடிவிட்டன.

நான்கு வருடமாகச் சென்னையில் நான் என்ன செய்தேன்? மாதம் ஒருமுறை பலகையைத் தூக்கினேன், குறித்தேன், சுத்தமாகச் சுரண்டித் திரும்ப இறக்கினேன். முதல் மாதம் எப்போதும் புழுவின் மாதம். சிப்பிக்கு ஐந்தாவது மாதமோ எட்டாவது மாதமோ நான் கொடுக்கவே இல்லை. மாரிமுத்து நேற்று ஒருநாள் செய்ததை நான் நாற்பத்தெட்டு முறை செய்திருக்கிறேன். அவராவது சந்தனம் வைத்தார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மண்டோரிடம் சொன்னேன். அவரும் சிரித்து, மற்றவர்களிடம் சொல்லி, கடைசியில் பட்டறை முழுக்கச் சிரித்தது. படகின் அடிமட்டத்தில், இருட்டான பகுதியில், பழைய பலகையிலும் புழுதான் ஜெயித்திருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன். ஆனால் வெளிச்சம் படும் இடமெல்லாம் உள்ளூர்க்காரன் வந்தவன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தான். எண்ணூர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல சேதி என்ன இருக்கிறது! சிப்பி குறைவதற்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பொரி தின்றபடி உட்கார்ந்தோம். உற்சாகத்தில் நான் ஒரு சொற்பொழிவு ஆரம்பித்தேன். "பாருங்க, கப்பல்ல வந்தது, ஒரு இடம் பிடிச்சுது, இங்கயே வாழ ஆரம்பிச்சுது. உங்களை மாதிரியே..."

"எங்களப் புழுங்கறீங்களா டீச்சரம்மா?" என்றார் மண்டோர். சொற்பொழிவு அதோடு முடிந்தது.

அக்டோபர் 8, திங்கள், காலை எட்டு மணி. விஜயதசமி. பூஜை முடித்துச் சுரண்டிகளை எடுத்தார்கள். மூன்று பலகைகளிலிருந்தும் எனக்கு வேண்டிய துண்டுகளை மாரிமுத்து அவ்வளவு பதமாகப் பெயர்த்துக் கொடுத்தார். புதிதாக எழுதத் தொடங்க நல்ல நாள் என்று மண்டோர் ஒரு ஐம்பது காசு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்து என்முன் வைத்தார். மஞ்சள் தடவிய அட்டை. அதில் வெள்ளை, பச்சை, கொட்டலசு, மற்றவை என்று நான்கு பத்தி கோடு போட்டுத் தரச் சொன்னார், போட்டுக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா, ஒரு ஆசைக்கு" என்றார்.

அக்டோபர் 11, வியாழன், பிற்பகல் இரண்டு மணி. பத்மாவும் அவள் கணவரும் மண்டோரும் மாரிமுத்துவும் துறைமுகத்துக்கு வந்தார்கள். பத்மா ஒரு டின் நிறைய மிக்சர் கொடுத்தாள். மண்டோர் வெறுங்கையோடு வந்திருந்தார். என் பெட்டி லேசாக இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பலகைகளை மறந்தே போயிருந்தேன்.

"பலகை பட்டறையிலயே இருக்கா?" என்றேன்.

"தண்ணில இருக்கு. திங்கக்கெழம சாயங்காலமே எறக்கிட்டோம்" என்றார் மாரிமுத்து. "போன வாட்டி காவல் காத்தோம். இந்த வாட்டி எண்ணுறோம். ஒரு வருஷம் ஆனாலும் சரி, சுரண்டி கிட்ட வராது."

கப்பல் நகர்ந்தபோது நான் தூண்களைப் பார்க்கவில்லை. மற்றவர்களைப் போல நானும் கரையில் நின்ற மனிதர்களைத்தான் பார்த்தேன். சென்னைத் துறைமுகத்தில் என் பலகைகளுக்குக் காவல் இருப்பவர் பெயர் என்ன என்று யோசித்தேன். நான்கு வருடமாக அவரிடம் "தொடாதீங்க" என்ற ஒரு சொல்லைத் தவிர நான் பேசியதில்லை. ஊர் வந்து சேர்ந்த மறுநாளே போய்ப் பேசினேன். பெயர் சாமுவேல். விஷயத்தைச் சொன்னதும், அந்த வெள்ளைப் புழு துறைமுகப் பாலத்தின் மறுபக்கத்தில் சிப்பிக்கு அடியில் செத்துக் கிடப்பதைத் தான் எத்தனையோ தடவை பார்த்திருப்பதாகச் சாதாரணமாகச் சொன்னார்.

துறைத் தலைவரிடம் என் பழைய கட்டுரையைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தேன். நவம்பர் முடிவில் தஞ்சோங் ரூவிலிருந்து ஒரு நீல விமானக் கடிதம் வந்தது. மாரிமுத்துவின் கையெழுத்து, பெரிய பெரிய எழுத்து. ஆறு பலகைக்கும் கோடு போட்டு எண்ணிக்கை எழுதியிருந்தார். நான் எதிர்பார்த்தபடியே வெள்ளை, வெள்ளை, வெள்ளை. கீழே இப்படி இருந்தது:

"ஆறாம் நம்பர் பலகையில் மற்றவை பத்தியில் ஒன்று போட்டிருக்கிறோம். வெள்ளையும் இல்லை, பச்சையும் இல்லை, கொட்டலசும் இல்லை. கறுப்பாக, சின்னதாக, நடுவில் ஒரு கோடு. மண்டோர் முப்பது வருடத்தில் பார்த்ததில்லை என்கிறார். யாரென்று தெரியவில்லை. தொடவில்லை. உங்களுக்காக வைத்திருக்கிறோம்."

நின்றபடியே மூன்று முறை படித்தேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, அடுத்த கப்பல் என்றைக்கு என்று கேட்கப் போனேன்.